ஒற்றை ரான்சிஸ்டர் எப்.எம்.: வேலையெல்லாம் சுருளில்தான்

எம்.பி.3 பிளேயரில் இருக்கிற பாட்டைப் பழைய எப்.எம். ரேடியோவில் கேட்கச் சின்ன ஒலிபரப்பி ஒன்று செய்யலாம்; ஒரு ரான்சிஸ்டரும் இரண்டு பென்ரோச் பற்றறியும் போதும். சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட வன்னிக்கு இது பெரிய வித்தை இல்லை.

முதலில் சுருள். 0.7 மி.மீ. இனாமல் செப்புக் கம்பியை 6 மி.மீ. ட்ரில் பிட்டில் 5 சுற்றுச் சுற்றி, 6 மி.மீ. நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். நுனியைப் பிளேட்டால் செம்பு மின்னும்வரை சுரண்டாவிட்டால் ஈயம் பிடித்த மாதிரித் தெரியும், பிடித்திருக்காது. குறுக்கே 4–30 பிக்கோபரட் டிரிமர் (திருப்பிக் கொள்ளளவை மாற்றும் கொள்ளளவி). மொத்தம் 20 பிக்கோபரட் அளவில் 100 மெகாஹேர்ட்ஸ் வரும்.

சுருளின் ஒரு முனை 3 வோல்ட்டுக்கு, மறுமுனை ரான்சிஸ்டரின் கலெக்டர் காலுக்கு (மற்ற இரு கால்கள் பேஸ், எமிற்றர்). கலெக்டர்–எமிற்றருக்கு நடுவே 4.7 பிக்கோபரட் கொள்ளளவி, எமிற்றரிலிருந்து தரைக்கு (பற்றறியின் மைனஸ்) 470 ஓம் தடை. பேஸிலிருந்து 3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், தரைக்கு இன்னொரு 10 கிலோ ஓம், கூடவே தரைக்கு 1 நனோபரட். பி.சி. 547 ரான்சிஸ்டரின் தட்டை முகம் உங்களைப் பார்த்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிற்றர். 2 என் 3904-இல் அப்படியே தலைகீழ். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

இடது, வலது வயர்களை நேரே முறுக்காதீர்கள்; பிளேயரின் இரு அம்ப்ளிபயர்களும் ஒன்றையொன்று தள்ளும். ஒவ்வொன்றிலும் 22 கிலோ ஓம், அதற்கு இணையாக 2.2 நனோபரட், பிறகு இரண்டையும் சேர்த்து 1 மைக்ரோபரட் வழியாகப் பேஸுக்கு (பிளஸ் பேஸ் பக்கம்). அந்த 2.2 இல்லாவிட்டால் பாட்டு போர்வைக்குள் இருந்து வரும், ஏனென்றால் ரேடியோ மேல்சுரத்தைக் குறைத்துத்தான் தரும். வொலியூம் கால்வாசி, கூட்டினால் கரகரக்கும்.

பிரெட்போர்ட் (ஈயமில்லாமல் செருகும் பலகை) வேண்டாம். கால்களைக் குட்டையாக வெட்டி ஈயத்தால் ஒட்டுங்கள். டிரிமரை இரும்புத் திருப்புளியால் திருப்பினால், கையை எடுத்ததும் அலைவரிசை ஓடிவிடும். மூங்கில் சிம்பைச் சீவிக்கொள்ளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அலைவரிசை இன்னும் நகரும். போன் சார்ஜரில் போட்டால் உறுமும்.

வன்னியில் உள்ள கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரம் 174 மீற்றர். அதில் ஒலிக்கிற நிலையத்தின் பக்கத்தில் உங்கள் பாட்டு எடுபடாது. வெறும் இரைச்சல் கேட்கிற இடத்தைத் தேடுங்கள். அன்ரெனாவுக்கு 10 செ.மீ. கம்பி. அதற்கு மேல் நீட்ட நினைத்தால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருப்பதையும் நினையுங்கள்.

88 பக்கத்தில் மெல்லக் கேட்டால் நம்பாதீர்கள். உண்மையில் 110-இல், விமானங்களின் பட்டையில் நிற்கலாம், ரேடியோ 21.4 மெகாஹேர்ட்ஸ் தள்ளியும் பிடிக்கும். டிரிமரின் கொள்ளளவைக் கூட்டுங்கள், 108 முனையால் உள்ளே வரும். வராவிட்டால் இன்னொரு சுற்று. அலைவரிசை சரியாக நின்ற பிறகே, சுருள் அசையாமலிருக்க மெழுகு.