மூன்று வருடக் கணக்கு பால் அட்டையில் கிடந்தது

நிறுவனங்களுக்கான தர விருதுக்கு, எங்கள் சங்கத்தை நாங்களே மதிப்பிட்டு எழுதும் சுயமதிப்பீட்டு அறிக்கையை ஒருவழியாகக் கையளித்துவிட்டோம். இரண்டு மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லை. கிளிநொச்சிப் பக்கம் எங்களைப் போல் இன்னொரு சிறிய சங்கம் இதில் இறங்குமென்றால், நாங்கள் பட்ட பாடு அவர்களுக்காவது உதவட்டும்.

எங்களுடையது பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். மதிப்பீடு போல்ட்ரிஜ் சட்டகத்தின்படி. ஒரு நிறுவனம் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று பார்க்க அமெரிக்காவில் உருவான முறை அது. ஏழு பிரிவு, மொத்தம் 1000 புள்ளி. தலைமைத்துவம், மூலோபாயம், வாடிக்கையாளர், அளவீடு, ஊழியர், செயற்பாடுகள் என்ற ஆறையும் இரண்டு கிழமையில் எழுதி முடித்தோம். ஏழாவது, பெறுபேறுகள். அதற்கு மட்டுமே 450 புள்ளி. அதைப் போய்க் கடைசிக்கு விட்டோம். நீங்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

இடையில் ஓர் ஆலோசகருக்குக் காசு கட்டினோம். வேறு எங்கோ ஒரு தொழிற்சாலைக்கு எழுதிய அறிக்கையில் எங்கள் பெயரைப் போட்டு அனுப்பினார். பால் சேகரிக்கும் எங்களுக்கு ‘இரவு நேர உற்பத்திப் பிரிவு’ இருப்பதாக நாலு இடத்தில் எழுதியிருந்தது. அந்தக் காசு திரும்பி வரவில்லை.

பெறுபேறு என்றால் இந்த வருடம் இத்தனை லீற்றர் சேர்த்தோம் என்று எழுதினால் போதாது. அளவு எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா, மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் எப்படி என்று மூன்றையும் காட்ட வேண்டும். ஏற்ற இறக்கத்தைக் காட்டக் குறைந்தது மூன்று வருட எண்களாவது வேண்டும். எங்கள் பதிவேடுகளோ 2018 டிசம்பர் வெள்ளத்தில், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நேரம், ஊறி ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் மை கையோடு வந்தது.

கண்டாவளையிலிருந்து பால் ஊற்றும் ஓர் அக்காதான் வழி காட்டினார். “பால் அட்டை என்னட்டை இருக்குத் தம்பி” என்று, ஊற்றும் பாலை நாங்கள் குறித்துக் கொடுக்கும் அட்டைகள் இருந்த ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியபோது, அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு இவற்றையும் எடுத்துப் போயிருக்கிறார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய சனம், காகிதத்தை விட்டுவிட்டு வெளிக்கிடாது. வீடு வீடாகப் போனோம். முக்கால்வாசிப் பேரிடம் அட்டைகள் இருந்தன. திகதி, லீற்றர், கொழுப்பு, திருப்பி அனுப்பிய பால் எல்லாம் அதில் இருந்தது. அன்று பின்னேரம் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் ஒரு பிழை விட்டோம். மாதத்துக்கு மாதம் வரைபு கீறினோம். ஒக்டோபரிலிருந்து கோடு கீழே விழுந்துகொண்டே போனது. காலபோகம், அதாவது மாரிகால நெல், விதைத்தால் மாடு மேய வயல் இல்லை, பால் குறையத்தானே செய்யும். போன வருட ஒக்டோபரோடு இந்த வருட ஒக்டோபரை வைத்துப் பார்த்த பிறகுதான் நாங்கள் வளர்ந்திருப்பது தெரிந்தது. திருப்பி அனுப்பிய பாலை மொத்தப் பாலுக்கு எத்தனை வீதம் என்று போடுங்கள். வெறும் லீற்றரில் போட்டால், பால் கூடும் மாதத்தில் தரம் கெட்டதுபோல் தெரியும்.

ஒப்பிட ஆள் கிடைப்பதும் இலேசில்லை. பக்கத்துச் சங்கம் முதலில் கணக்குத் தரவில்லை. எங்களுடையதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தோம், அடுத்த நாள் அவர்களுடையது வந்தது.

கடைசி அடி கொழும்பில். அறிக்கையைக் கையளிக்க இரவு பஸ்ஸில் போய் இறங்கினால், கணக்காய்வு அறிக்கைப் பிரதியின் எல்லாப் பக்கத்திலும் சங்கத்தின் சீல் இல்லை என்று இலிகிதர் கோப்பைத் தள்ளிவிட்டார். தொலைபேசியில் கேட்டபோது “கொண்டு வாங்கோ, பாப்பம்” என்றவரும் அவர்தான். அன்றிரவே திரும்பினோம். எதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீலையும் மைப்பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாம் தடவை நான் கொண்டுபோனேன், ஐந்து நிமிடத்தில் பற்றுச்சீட்டுத் தந்தார்கள்.

நேற்று அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தோம். அக்கா பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார். “ஒண்டு குறையுது” என்றார். போட்டோகொப்பிக் கடைக்கு ஓடினேன். மெஷினின் கண்ணாடியில் அப்படியே கிடந்தது.