கலந்துவிடலாமா என்ற கேள்வி

"அண்ணே, நல்ல எண்ணெயோட கலந்துட்டா 50க்குக் கீழ வந்துடுமே?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பட்டறையில் கூட வேலை செய்த தம்பி கேட்டான். பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்த எண்ணெய், 200 லிட்டர் டிரம் அது. ஆய்வக அறிக்கையில் பிசிபி, அதாவது எளிதில் அழியாத நச்சுக் குளோரின் சேர்மம், 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு). 50ஐத் தாண்டினால் அது பிசிபி கலந்த கழிவு. அவன் கணக்கு சரிதான்: 2 பிபிஎம் உள்ள இன்னொரு டிரம்மோடு கலந்தால் 36.

"முடியாது" என்றேன். 200 லிட்டர் எண்ணெய் சுமார் 174 கிலோ, அதில் பிசிபி ஏறத்தாழ 12 கிராம். கலந்தாலும் அந்த 12 கிராம் எங்கும் போகாது. ஒரு டிரம்முக்கு இரண்டு டிரம் கெடும். டிரான்ஸ்ஃபார்மரின் மினரல் எண்ணெய்க்குள் பிசிபி பெரும்பாலும் வந்ததே இந்த வழியில்தான்: பிசிபி ஊற்றிய இயந்திரத்தில் ஓடிய அதே வடிகட்டும் பம்ப், அதே ஹோஸ், அடுத்ததிலும் மாட்டப்பட்டது. ஹோஸில் தங்கிய மிச்சமே போதும்.

தளத்தில் செய்யும் கிட் சோதனையையும் அவன் நம்பவில்லை, அதில் நியாயம் உண்டு. 5 மில்லி எண்ணெயை உலோக சோடியத்தோடு குலுக்கினால் குளோரின் பிரியும். கடைசியில் கரைசலின் நிறம் ஊதாவாக நின்றால் பிசிபி 50க்குக் கீழே. நிறம் வெளுத்தால் மேலே இருக்கலாம். கிட் பார்ப்பது குளோரினை மட்டுமே. கைவியர்வை உப்பு பட்டாலும் வெளுக்கும். ஆகவே வெளுத்ததைக் காஸ் குரோமடோகிராஃபிக்கு, அதாவது பிசிபியைத் தனியே பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனைக்கு, அனுப்பியே தீர வேண்டும். ஊதாவை நம்பலாம்.

ஆனால் கலக்காத டிரம் என்ன ஆகும்? 2014 விதிமுறைப்படி தென்னாப்பிரிக்காவில் பிசிபி பயன்பாடு 2023க்குள் நின்றிருக்க வேண்டும், கையிருப்பு 2026க்குள் அழிக்கப்பட வேண்டும். அழிப்பதென்றால் 1100 டிகிரிக்கு மேல், இரண்டு விநாடிக்குக் குறையாமல் எரிப்பது, இல்லையேல் சோடியத்தால் குளோரினை நீக்குவது. ஒரே ஒரு டிரம்முக்காக யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள். அதுவரை கூரை, பூட்டு, கசிந்தால் 220 லிட்டர் பிடிக்கும் தடுப்புச்சுவர், மூடிய வடிகால் வால்வு எல்லாம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் காகிதமும் மரக்கட்டையும் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். கழுவிச் சோதிக்காமல் அதன் செம்புக் கம்பியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கவும் கூடாது.

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு அந்த "முடியாது" எனக்குப் பாதி பதிலாகவே படுகிறது. கலந்த எண்ணெய் பல தெருக்களின் டிரான்ஸ்ஃபார்மர்களுக்குள் மெல்லப் பரவும். கலக்காத டிரம் ஒரே மழையில் ஆற்றுக்குப் போகலாம். முதலாவதை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்பதால்தான் மறுத்தேன். தடுப்புச்சுவரின் உயரத்தை அளக்காமல் அப்படி மறுக்க எனக்கு உரிமை இருந்ததா என்பதில் இன்னும் தெளிவில்லை.