மூன்று யூனிக்ஸும் ஓர் அட்டவணையும்

2021ஆம் ஆண்டின் இறுதியில், எங்கள் அலுவலகத் தரவுத்தளத்தை எச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்திலிருந்து வேறு யூனிக்ஸுக்கு மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தது. எச்பி-யூஎக்ஸ் ஓடும் இட்டானியம் சிப்புகளின் கடைசிச் சரக்கை இன்டெல் அந்த ஜூலையில் அனுப்பி முடித்துவிட்டது. எச்பி-யூஎக்ஸின் 11i v3 பதிப்புக்கான ஆதரவு 2025 டிசம்பர் 31 வரைதான் என்பதும் தெரிந்திருந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், ஆரக்கிளின் சோலாரிஸ் என்ற வேறு இரண்டு யூனிக்ஸ்களையும் பழையதோடு ஒப்பிட்டு அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கையேடுகளைப் பார்த்து நாற்பது வரிகள் நிரப்பினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மூன்று கட்டங்களிலும் "ஆம்" என்றே வந்தது. "எல்லாம் ஒன்றுதான் என்றால் விலை குறைந்ததையே வாங்கிவிடலாமே" என்றார் மேலாளர். அட்டவணையை மட்டும் பார்த்தால் அவர் கேட்டது நியாயம்தான். ஆகவே இரண்டு வாரம் அவகாசம் கேட்டு, மாதந்தோறும் நாங்கள் உண்மையில் செய்கிற வேலைகளை மூன்றிலும் செய்து பார்த்தேன்.

அவற்றில் முதன்மையானது, நிரம்பிக்கொண்டிருக்கும் கோப்பு அமைப்பைப் பெரிதாக்குவது. எச்பி-யூஎக்ஸில் அதை மவுண்ட் நிலையிலேயே, அதாவது பயன்பாட்டில் இருக்கும்போதே, பெரிதாக்க ஆன்லைன்ஜேஎஃப்எஸ் என்ற தனி உரிமம் வேண்டும். எங்களிடம் அது இல்லாததால், ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தை நிறுத்தி, அன்மவுண்ட் செய்துதான் பெரிதாக்கி வந்தோம். இருந்தும் என் அட்டவணையில் அதற்கும் "ஆம்"தான். ஏஐஎக்ஸில் சிஎச்எஃப்எஸ் என்ற ஒரே கட்டளை, தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் உள்ள லாஜிக்கல் வால்யூம் என்ற வட்டு ஒதுக்கீட்டையும் மேலே உள்ள கோப்பு அமைப்பையும் சேர்த்தே பெரிதாக்கியது. கழித்தல் குறி போட்டால் சிறிதாக்கவும் செய்தது.

சோலாரிஸின் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு முறையில் இந்த வேலையே இல்லை, ஏனெனில் எல்லாக் கோப்பு அமைப்புகளும் ஒரே சேமிப்புத் தொகுப்பிலிருந்து இடம் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அங்கேதான் நான் வழுக்கினேன். இரவலாகக் கிடைத்த பழைய ஸ்பார்க் சிப் இயந்திரத்தில் சோலாரிஸ் 10 இருந்தது. இரட்டைப் பிரதியாக இருந்த இரண்டு வட்டுகளோடு மூன்றாவதை இன்னொரு பிரதியாக இணைக்க "அட்டாச்" என்று கொடுத்திருக்க வேண்டும். நான், தொகுப்பில் தனி வட்டாகச் சேர்க்கும் "ஆட்" என்று தட்டிவிட்டேன். தொகுப்பு பிரதி முறையில் உள்ளது, புதியது தனி வட்டு, பொருந்தவில்லை, மீறுவதானால் மைனஸ் எஃப் கொடு என்று அது எச்சரித்தது. பழக்கதோஷத்தில் அதையும் கொடுத்தேன். அந்த ஒற்றை வட்டு பழுதானால் தொகுப்பு முழுவதும் போய்விடும் என்ற நிலைக்கு வந்த பிறகு, அதைக் கழற்றவும் வழியில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினேன். 2018இல் வந்த சோலாரிஸ் 11.4இல் இப்படிச் சேர்த்த வட்டை நீக்க முடியும் என்பதையும் நேர்மைக்காகக் குறித்துவைத்தேன்.

அதே இயந்திரத்தில் லினக்ஸுக்காக எழுதிய ஒரு ஸ்கிரிப்டை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டினேன். அதிலிருந்த "ஹோஸ்ட்நேம் மைனஸ் எஃப்" வரி, முழுப் பெயரைக் காட்டுவதற்குப் பதிலாக, இயந்திரத்தின் பெயரையே "மைனஸ் எஃப்" என்று மாற்றிவிட்டது. கேட்டவர்கள் சிரித்தார்கள், பிழைப்பதிவுகளில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பின்னணியில் ஓடும் சேவை ஒன்று செத்துப்போனால் காரணம் சொல்வதில் சோலாரிஸை மற்ற இரண்டும் நெருங்கவில்லை. எஸ்விசிஎஸ் மைனஸ் எக்ஸ் என்ற கட்டளையால் கேட்டால், எது நின்றது, எந்தப் பதிவில் பார்க்க வேண்டும், அதனால் வேறு எவை நின்றன என்று வரிசையாகச் சொல்கிறது. எச்பி-யூஎக்ஸில் தொடக்க ஸ்கிரிப்டுகளைத் திறந்து நாமே படிக்க வேண்டியிருந்தது.

அட்டவணையில் நான் சேர்க்கவே மறந்திருந்த ஒரு வரி பைட் வரிசை. இட்டானியத்தில் ஓடும் எச்பி-யூஎக்ஸ், பவர் சிப்பில் ஓடும் ஏஐஎக்ஸ், ஸ்பார்க்கில் ஓடும் சோலாரிஸ் மூன்றிலும் எண்ணின் உயர்மதிப்புப் பைட்டே முதலில் வருகிறது. சாதாரணக் கணினிகளின் எக்ஸ்86 சிப்பில் ஓடும் சோலாரிஸ் மலிவாக இருந்தாலும் வரிசை தலைகீழ் என்பதால், தரவுக் கோப்புகள் அனைத்தையும் மாற்றியெழுத வேண்டியிருக்கும். அந்த யோசனை அன்றே கைவிடப்பட்டது.

கடைசியில் ஏஐஎக்ஸைப் பரிந்துரைத்தேன். இரவுப் பணியில் இருப்பவர்கள் அனுபவம் குறைந்தவர்கள்; ஏஐஎக்ஸின் ஸ்மிட் என்ற நிர்வாகப் பட்டியலில் எஃப்6 அழுத்தினால், ஓடப்போகும் கட்டளையை முன்கூட்டியே பார்க்கலாம், ஓடியது ஸ்மிட்.ஸ்கிரிப்ட் கோப்பில் பதிவாகியும் இருக்கும். அந்த டிசம்பரில்தான் வெளிவந்திருந்த 7.3 பதிப்பை விட்டுவிட்டு 7.2ஐயே நிறுவினோம்.