ஆக்ரபீஸ் பள்ளத்தாக்கில் பாதி வழி

ஏப்ரல் 10, இரவு

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அப்பிங்டன் 800 கிலோமீட்டர். அங்கிருந்து இந்த ஆக்ரபீஸ் தேசியப் பூங்காவுக்கு இன்னும் 120. உடம்பெல்லாம் வலி. நாளை கிளிப்ஸ்பிரிங்கர் பாதையில் கிளம்புகிறோம், மூன்று நாள் நடை. வெயிலுக்குப் பயந்தே அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் முடிய இதை மூடிவிடுகிறார்கள். திறந்து பத்து நாள்தான் ஆகிறது.

மூட்டை கட்டும்போது உப்பு நார்த்தங்காய் டப்பாவைத் தம்பி வெளியே எடுத்துப் போட்டான். "எதுக்குக்கா இந்த வெயிட்டு?" சரி என்று என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 11

வெளிச்சம் வந்ததும் பள்ளத்தாக்கில் இறங்கினோம். கூட வந்த டர்பன் நகரத்துத் தோழிதான் முன்னால். குறுக்கே வரும் வறண்ட ஓடைகளில் உட்காரவே விடவில்லை அவள். எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வருமாம். பள்ளத்தாக்கில் ஓடும் ஆரஞ்சு ஆறும் அப்படித்தான், மேலே அணை திறந்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஏறிவிடும்.

பதினொரு மணிக்குப் பாறையில் கை வைத்தேன், தோசைக்கல். மேலேயும் வெயில், இரண்டு பக்கமும் பாறை கக்குகிற சூடு. தம்பி அதற்குள் மூன்று லிட்டர் குடித்திருந்தான். அப்படியும் "தலை விண்ணு விண்ணுனு தெறிக்குதுக்கா" என்றான். குமட்டல் வேறு. எனக்குக் கை கால் ஓடவில்லை.

தோழி முதலில் பார்த்தது இரண்டு: வியர்வை இருக்கிறதா, கேட்டதற்குத் தெளிவாகப் பதில் வருகிறதா. பேச்சு குழறினால் அது உயிர்ப் பிரச்சினை, உடனே உடம்பைக் குளிர்வித்தபடியே ஆள் கூப்பிட வேண்டும் என்றாள். நல்லவேளை, தெளிவாகவே பேசினான். பாறை நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, சட்டையை நனைத்து விசிறினோம். வியர்வையோடு உப்பு போய்க்கொண்டிருக்க, வெறும் தண்ணீராகவே குடித்தால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். உப்புச் சர்க்கரைக் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தோம். அப்புறம் ஒரு துண்டு நார்த்தங்காயை நாக்கில் வைத்தேன். முகத்தைச் சுளித்தான், ஆனால் துப்பவில்லை.

முக்கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. நாலு மணிவரை அந்த நிழலைவிட்டு நகரவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு மெல்ல நடந்து குடிலுக்கு வந்துவிட்டோம்.

ஏப்ரல் 12

காலையில் தம்பி, "நான் நல்லாத்தான் இருக்கேன், போலாம்" என்றான். எனக்கும் ஆசைதான், இத்தனை தூரம் வந்தாயிற்றே. ஆனால் ஒருமுறை வெயில் அடித்த உடம்பு மறுநாளே இன்னும் சீக்கிரம் சாயும். இங்கே போனில் சிக்னலும் இல்லை. திரும்பலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். தோழி ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

கிளம்புமுன் ஷூவைத் தட்டினேன். ஒரு தேள் விழுந்தது. வால் தடித்து, முன் இடுக்கிகள் ஒல்லியாக. அந்த ஜாதிக்குத்தான் விஷம் அதிகம்.

ஏப்ரல் 13

56 மீட்டர் உயர ஆக்ரபீஸ் அருவியைக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சாயங்காலம் மதுரைக்குப் போன் போட்டான் தம்பி. நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. "நார்த்தங்காய் தீர்ந்துபோச்சும்மா, அனுப்பு" என்றான்.