54 கிலோ

சேலத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியன் வேலைக்கு வந்து எனக்கு இது 12-வது வருஷம். முதல் ஷிஃப்ட் காலை 6 மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கே வாசலில் ஆள் நிற்கும். உள்ளே வந்ததும் முதல் வேலை எடை மிஷின். செருப்பைக் கழற்றி, சால்வையை மடித்து வைத்து, சட்டைப் பையிலிருந்து போனையும் சில்லறையையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள், அரை கிலோ கூடிவிட்டால் நான் திட்டுவேன் என்று ஒரு பயம்.

ட்ரை வெயிட் என்று நாங்கள் சொல்வது, உடம்பில் கூடுதல் தண்ணீர் இல்லாதபோது ஒருவருக்கு இருக்க வேண்டிய எடை. அது 54, இன்றைக்கு 56.5 காட்டுகிறது என்றால் இரண்டரை லிட்டர் எடுக்க வேண்டும். நாலு மணி நேரத்தில் அதை எடுத்து மறுபடி 54-ல் இறக்கி அனுப்பிவிட்டால் எங்கள் கணக்கு தீர்ந்தது. அந்த ஒரு எண்ணை நம்பித்தான் மொத்த வேலையும் ஓடுகிறது.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணன் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். சர்க்கரையில் கிட்னி போனவர், வாரம் மூன்று தடவை, ஒரு நாள் தவறமாட்டார். கூட வரும் பெண்கள் யாராவது கொலுசு போட்டிருந்தால் படுக்கையில் இருந்தபடியே சத்தத்தை வைத்து "இது நம்ம ஊர் சரக்கு இல்லைங்க, டச் கம்மி" என்பார், டச் என்றால் வெள்ளியின் சுத்தம். அது நிஜமா வித்தையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் வார்டு முழுக்கச் சிரிக்கும்.

ஒரு ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் திருவிழாவில் ஊரே மேளச் சத்தமாக இருந்த நேரத்தில், அவர் மனைவி இறந்துபோனார். காரியம் முடிந்து ஒரு ஷிஃப்ட் விட்டுவிட்டு வந்தார். நாங்களும் கேட்க வேண்டியதைக் கேட்டோம், சொல்ல வேண்டியதைச் சொன்னோம், அப்புறம் ஊசி போட்டு மிஷினை ஓட்டினோம். அதற்கு மேல் யாருக்கும் நேரமில்லை.

அடுத்த இரண்டு மாசம் அவர் கணக்கு அவ்வளவு ஒழுங்கு. 55.5-ல் வருவார், 54-ல் போவார். மற்றவர்கள் மூன்று கிலோ, நாலு கிலோ ஏற்றிக்கொண்டு வரும்போது இவரைக் காட்டி "அண்ணனைப் பாருங்க, எவ்வளவு கட்டுப்பாடு" என்று நானே சொல்லியிருக்கிறேன். பிரஷர் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையைச் சரியாகப் போடவில்லை என்று நினைத்தோம். உப்பா என்று கேட்டதற்கு "ஊறுகாயைத் தொட்டே ரொம்ப நாளாச்சு தம்பி" என்றார். பொய் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ராத்திரி மூச்சு முட்டி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் தண்ணீர். அவசரமாக மிஷினில் போட்டோம். காலையில் நெப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், வந்து முதலில் பார்த்தது நாங்கள் எடை எழுதும் ஷீட்டை இல்லை, அண்ணனின் தோள்பட்டையை. எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து ஐந்து நொடி அழுத்தி எடுத்தார், பிசைந்த மாவில் பதிந்தது போலக் குழி அப்படியே நின்றது. "சதை மூணு கிலோ போயிருக்கு. அந்த இடத்துல மூணு லிட்டர் தண்ணி வந்து உக்காந்திருக்கு. நீங்க 54, 54-னு எழுதிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றார்.

எடை மிஷினுக்குத் தெரிந்தது மொத்த எடைதான், அதில் எது சதை, எது தண்ணீர் என்று பார்க்க வேண்டியது நான். இரண்டு மாசமாக மனுஷன் சாப்பிடாமல் கரைந்துகொண்டிருந்திருக்கிறார், நான் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருமகள் தட்டில் போட்டு வைப்பதை அப்படியே மூடி வைத்துவிடுவாராம். ராத்திரி தூக்கம் இல்லை, பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாராம். சோர்வு, பசியின்மை, தூக்கமின்மை, எதிலும் கவனம் நிற்காதது, இதெல்லாம் கிட்னி போனவர்களுக்கு ரத்தத்தில் யூரியா போன்ற உப்புச்சத்து ஏறினாலே வரும், ரத்தம் குறைந்தாலும் வரும். அதனால் எதைச் சொன்னாலும் நாங்கள் கிட்னி கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். மன அழுத்தத்தைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பதில் பாதி, டயாலிசிஸில் இருக்கிற யாருக்கும் "ஆமாம்" என்றுதான் வரும். என் அனுபவத்தில் உருப்படியான கேள்வி ஒன்றுதான்: முன்னே பிடித்திருந்தது இப்போதும் பிடிக்கிறதா? யோசித்துப் பார்த்தால், அந்த அண்ணன் கொலுசுச் சத்தத்துக்குத் தலை திருப்பியே இரண்டு மாசம் ஆகியிருந்தது. அது எந்த ஷீட்டிலும் இல்லை.

டயாலிசிஸில் இருப்பவர்களில் நாலில் ஒருவர், இல்லை ஐந்தில் ஒருவருக்காவது இந்த மனச்சோர்வு இருக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. எங்கள் வார்டில் ஒரு ஷிஃப்டுக்குப் பத்து கட்டில்.

சரி, கிட்னி போனபின் மனசு போவது ஒன்று. மனசு முதலில் போய்க் கிட்னியை இழுத்துக்கொண்டு போவதும் உண்டா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். "டென்ஷன்ல கிட்னி போயிடுச்சுங்க" என்று நேராகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கவலை நேரே போய்க் கிட்னியைத் தின்றுவிடுவதில்லை, சுற்றுவழியில்தான் வருகிறது. ஏற்காடு பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒருவர் வருவார், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, வாந்தியெடுத்து, முகம் வெளுத்து. அவருக்குப் பல வருஷம் முன்னாலேயே பிரஷர் 170/110 என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மகன் விஷயத்தில் ஏதோ நடந்து, கடனும் சேர்ந்து, மாத்திரையை நிறுத்திவிட்டார். "யாருக்காக முழுங்கறதுன்னு விட்டுட்டேன் சார்" என்றார். கூடவே தலைவலிக்கும் இடுப்பு வலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய, கிட்னிக்கு ஆகாத வலி மாத்திரை தினமும், பீடி தினமும்.

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? இருந்தாலும் சொல்கிறேன். மனசு இறுகிக்கிடந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும், ரத்தக்குழாய் இறுகும், பிரஷரும் சர்க்கரையும் ஏறும். கிட்னியே ரெனின் என்று ஒன்றைச் சுரந்து உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துப் பிரஷரை இன்னும் தூக்கிவிடும். ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள், இரண்டும் சேர்ந்து நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அந்தப் பிரஷரை வருஷக்கணக்கில் தாங்கி ஒவ்வொன்றாகத் தழும்பாகிப் போகும்போது வலிக்காது. அதுதான் வம்பே. பல்லாவது வலிக்கிறது.

இதை எழுதுகிற நானும் யோக்கியன் இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது டயாலிசிஸை மட்டும் நிறுத்த முடியாது, பாசிட்டிவ் ஆனாலும் மிஷினில் போட்டே ஆக வேண்டும். அந்த பிளாஸ்டிக் உடுப்புக்குள் வேர்த்து ஊற்ற இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போலப் பார்த்தோம். வழக்கமாக வருபவர்கள் நாலு பேர் அந்த மாசம் வரவில்லை. தினமும் தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டு ஓட்டினேன். ஒரு நாள் சும்மா இருந்த மிஷினின் பிரஷர் பட்டையை என் கையில் சுற்றிப் பார்த்தபோது 158/100. பட்டை சரியில்லை என்று வேறு ஒன்றை மாற்றிப் பார்த்தேன்! இப்போது ஒரு மாத்திரையில் நிற்கிறது.

கொலுசு அண்ணனின் ட்ரை வெயிட்டை ஒரேயடியாகக் குறைக்க முடியாது, கால் குரக்களி பிடித்து பிரஷர் விழுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இருநூறு, முந்நூறு கிராமாக 51-க்கு இறக்கினோம், மூச்சுத் திணறல் போனது. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னதற்கு "எனக்கென்ன பைத்தியமா?" என்று இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. இன்ஷூரன்ஸ் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு போய்விடுகிறது, ஆனால் இன்னொரு ஓ.பி.க்கு இன்னொரு நாள் என்றால் மகனுக்கு ஒரு நாள் கூலி போகும், அதையும் சொன்னார். கடைசியில் டயாலிசிஸ் நாளிலேயே போய்வர ஏற்பாடானது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு வார்டிலிருந்தே ஒரு தடவை போன் போட்டுக் கொடுத்தேன், அதில் அரை மணி நேரம் பேசியவர் எங்களிடம் இரண்டு மாசத்தில் அவ்வளவு பேசியதில்லை. மனச்சோர்வு மாத்திரை கிட்னிக்காரர்களுக்கு அளவு பார்த்துத்தான் கொடுப்பார்கள், எது யாருக்கு ஆகும் என்பதை டாக்டர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ஒரே மாசத்தில் எதுவும் மாறவில்லை. முதலில் தூக்கம் வந்தது, அப்புறம் மருமகள் வைக்கும் முட்டை வெள்ளைக்கரு உள்ளே போனது. தை பிறந்து ஒரு நாள் முடித்துப் போகும்போது மிஷினில் ஏறி நின்றார், 52.2. இறங்காமலேயே என்னைப் பார்த்தார். "இது தண்ணியா தம்பி, கறியா?"

குனிந்து கால் எலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்தினேன். குழி விழவில்லை.