அட்டைப் படத்தை அவர்களிடம் சேர்ப்பதற்குள்

எங்கள் தெரு இஸ்திரி வண்டித் தாத்தாவின் முகத்தை, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் செய்தேன். வரைந்த பாடு பெரிதில்லை. அதை ஒரு குழுக் கண்காட்சியில் ஒப்படைக்கப் பட்ட பாடுதான் பெரிது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

பொருள் சேர்ப்பதில் சிரமமே இல்லை. பெட்டியைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கினேன். சட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகள், மூக்குக்கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். நெற்றிச் சுருக்கத்துக்கு மட்டும் ஒரு வித்தை செய்தேன். மேல்தாளை ஈரத்துணியால் ஒற்றி, ஊறியதும் உரித்தால் உள்ளே நெளிநெளியாக வரிகள் தெரியும். அவற்றின் மேல் காய்ந்த தூரிகையால் லேசாக அக்ரிலிக் வண்ணம் இழுத்தேன், சுருக்கம் தானாக வந்துவிட்டது. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

மூன்று எச்சரிக்கை. வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் ஜெஸ்ஸோவை அட்டையின் பின்பக்கமும் பூசுங்கள், இல்லாவிட்டால் சென்னைக் காற்றுக்கு அட்டை அப்பளமாக வளையும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. தண்ணீர் கலந்த ஃபெவிகால் போதும். செய்தித்தாள் ஒட்டினால் வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள், எப்படியும் பழுப்பேறும்.

இனி ஒப்படைக்கும் இடம். மேஜையில் இருந்தவர் படத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். “அட்டையா? கேன்வாஸ் இல்லையா மேடம்?” விதிமுறைத் தாளை எடுத்துக் காட்டினேன். எதில் வரைய வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. “குப்பையில செஞ்சதையெல்லாம் எப்படி மாட்டுறது?” என்றார். ரியோ டி ஜெனீரோவின் ஜார்டிம் கிராமாச்சோ குப்பைமேட்டில், அங்கே குப்பை பொறுக்கியவர்களையே சேர்த்துக்கொண்டு, அந்தப் பொருள்களாலேயே அவர்களுடைய உருவங்களை பிரேசில் கலைஞர் விக் முனிஸ் அமைத்ததை போனில் காட்டினேன். நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது போட்டோ மேடம். உங்களது அட்டை.”

ஆமாம், முனிஸ் காட்சிக்கு வைத்தது அவற்றின் புகைப்படங்களைத்தான். வாயடைத்துப் போனேன். 1971-இலேயே அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பெர்க் வெறும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துச் சுவரில் மாட்டிய வரிசை ஒன்று இருக்கிறது. அது எனக்கு ஞாபகம் வந்தது பஸ் ஏறிய பிறகு.

மறுபடி போனபோது வேறொருவர் இருந்தார். இவருக்குக் கரையான் பயம். “மத்த படத்துக்குப் பரவினா யார் பொறுப்பு?” உறுதிமொழிக் கடிதம் கேட்டார். அங்கேயே எழுதினேன். அதை வாங்க வேண்டிய பொறுப்பாளர் சாப்பிடப் போனவர் திரும்பவே இல்லை. மழையில் படத்தை பாலிதீனில் சுற்றி, ஆட்டோவில் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். கடிதத்தை வீட்டிலேயே எழுதி, ஒரு நகலோடு போங்கள். போகுமுன் போன் செய்து யார் கையெழுத்து போடுவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஃபிரேம். கண்ணாடி போட்டே ஆக வேண்டுமாம். சாதாரண ஃபிரேமில் கண்ணாடி நேராக மூக்குக்கண்ணாடியின் வெள்ளித்தாளை நசுக்கும். முதல் கடைக்காரர் “அழுத்தினா உட்கார்ந்துரும்மா” என்று கட்டைவிரலை ஓங்கினார், பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடும் பாக்ஸ் ஃபிரேம் என்று கேளுங்கள். செலவு கூடத்தான் ஆகும். ஃபிரேம் போடாமல் மாட்டுவதானால் அட்டையில் நேராகத் திருகாணி போடாதீர்கள், பிடிக்காது. பின்னால் ப்ளைவுட் பட்டை ஒட்டி, காய்ந்த பிறகு அதில் கொக்கி அடியுங்கள்.

கடைசியாகப் போனபோது அந்தப் பொறுப்பாளரே இருந்தார். கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. படத்தின் நெற்றியருகே குனிந்து, “இந்த வரியெல்லாம் அட்டைக்குள்ளேயே இருந்ததா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து போட்டார். இத்தனை அலைச்சலும் எதற்கு என்றிருந்தது.

ரசீது வாங்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள், வாங்கியதைப் படிக்காமலும் வராதீர்கள். என்னுடையதில் “அட்டைப்பெட்டி – 1” என்று இருந்தது. தலைப்பு, அளவு, விலை எல்லாம் போட்டு வேறு ரசீது எழுத வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.