அமைச்சர் கொடுத்த ஒரு மாதக் கெடு

அரசாங்கத்தில் பெரிய பதவிக்குப் போன டாக்டர் என்றாலே, நோயாளியை விட்டுவிட்டு ஃபைல் பார்க்கப் போனவர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லியம் ஃபேகியைப் பற்றிப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

1966 டிசம்பர், கிழக்கு நைஜீரியா. பெரியம்மை பரவுகிறது, எல்லோருக்கும் போடும் அளவுக்குத் தடுப்பூசி கையில் இல்லை. அமெரிக்கரான ஃபேகிக்கு அப்போது முப்பது வயது. அந்த வட்டாரத்து மிஷனரிகளை ரேடியோவில் பிடித்து, வரைபடத்தை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுத்து, உங்கள் பக்கத்துக் கிராமங்களில் யாருக்காவது அம்மை கண்டிருக்கிறதா என்று ஆளனுப்பிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அம்மை இருந்த ஊர்கள், அடுத்துப் பரவக்கூடிய ஊர்கள், அங்கே மட்டும் ஊசி. நோய் அடங்கிவிட்டது.

சரி, இது வரைக்கும் களத்து வேலை. எனக்கு ரொம்பப் பிடித்தது அப்புறம் ஒரு மீட்டிங்கில் நடந்தது. 1974, பீகார். இதே முறையில் வீடு வீடாகத் தேடத் தேட, கணக்கில் நோயாளிகள் ஏறிக்கொண்டே போகிறார்கள் (தேடினால் கிடைக்கத்தானே செய்யும்!). மாநில சுகாதார அமைச்சர் பொறுமையிழந்து, பழையபடி எல்லோருக்கும் ஊசி போடுங்கள் என்கிறார். அப்போது இளம் இந்திய டாக்டர் ஒருவர் எழுந்து, எங்கள் கிராமத்தில் ஒரு வீடு பற்றி எரிந்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், எல்லா வீட்டுக் கூரையிலும் ஊற்றமாட்டோம் என்றாராம். அமைச்சர் ஒரு மாதம் கெடு கொடுத்தார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. இத்தனை வருட அறிவியலும் அந்த ஒரு மாதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

1977-ல் ஃபேகி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநரானார். அங்கே எல்லாமே இப்படிச் சுபமாக முடியவில்லை. ஃப்ளூ, சின்னம்மை வந்த குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுப்பதற்கும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறிக்கும் தொடர்பு இருப்பது தெரிந்து 1982-ல் எச்சரிக்கையும் வந்துவிட்டது. ஆனால் மருந்து பாட்டிலில் அதை அச்சிடச் சொன்னதும் கம்பெனிகள் எதிர்த்தன, அரசாங்கம் பின்வாங்கியது. அச்சிடுவது கட்டாயமானது 1986-ல். ஃபேகி 1983-லேயே பதவியை விட்டுப் போயிருந்தார்.